முழக்கத்தை எவ்வளவு நேரம் நிற்கவிடுவது?

(சம்மாந்துறையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

நமது பகுதியில் இஸ்லாமிய கீதம் பதியப் போகிற பாடகர் கலையகத்துக்குள் நுழைந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: "கொஞ்சம் எக்கோ கூட்டுங்க." அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பஞ்சு ஒட்டிய சிறிய அறையில் நின்று பாடுகிறவருக்குத் தன் குரலே அந்நியமாகத் தெரியும். பள்ளிவாசலுக்குள் நின்று பாடிய மாதிரி வேண்டும் என்கிறார். ஒலிப்பதிவாளர் எங்கோ ஐரோப்பாவில் உள்ள தேவாலயமொன்றின் கோப்பை ஏற்றி ரிவேர்ப் அளவைக் கூட்டுகிறார். சொல் கரைந்துவிடுகிறது. குறைக்கிறார். சொல் திரும்பி வருகிறது, மண்டபம் போய்விடுகிறது. கூட்டுவதும் குறைப்பதுமாகவே இரவு கழிகிறது. இந்த இழுபறிக்குத் தீர்வு அளவுக் குமிழில் இல்லை, என்வலப்பில் இருக்கிறது என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் முழக்கம் சேர்க்கும் இந்த ரிவேர்ப் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு மண்டபத்தின் நடுவில் பலூன் ஒன்றை வெடிக்க விடுங்கள். வெடிப்பு சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும். அதன் பிறகு மைக்கில் பதிவது முழுக்க மண்டபத்தின் பதில்: சுவரில் தெறித்தது, கூரையில் தெறித்தது, தெறித்தது மறுபடி தெறித்தது. இந்தப் பதிலுக்குத்தான் இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்று பெயர். தொழிலில் ஐ.ஆர். என்றால் போதும். டிஜிட்டல் பதிவில் ஒரு குரல் என்பது செக்கனுக்கு 48,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறு வெடிப்பாக எடுத்து, அதன் பலத்துக்கு ஏற்றபடி மண்டபத்தின் முழுப் பதிலையும் அதன் பின்னால் ஒட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், அந்தக் குரல் அந்த மண்டபத்திலேயே ஒலித்ததாக வந்துவிடும். இந்தக் கூட்டல்தான் கொன்வொலூஷன்.

கணக்கு இலகுவாகத் தெரிந்தாலும் வேலை பெரியது. மூன்று செக்கன் நீளமான ஐ.ஆரில் 144,000 புள்ளிகள் உண்டு. ஒரு செக்கன் குரலுக்கு நேரடியாகப் பெருக்கினால் ஏறத்தாழ 691 கோடிப் பெருக்கல்கள். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறை இந்தச் சுமையைப் பெருமளவு இறக்கியது. ஆனாலும் கணினி ஒரு பெரிய துண்டு சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐ.ஆரின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் பின்பகுதியைப் பெரிய துண்டுகளாகவும் வெட்டினால் தாமதமே இல்லாமல் செய்யலாம் என்று வில்லியம் கார்ட்னர் 1995இல் காட்டினார். 1999இல் சோனி நிறுவனம் டி.ஆர்.ஈ.-எஸ்777 என்ற பெட்டியாக இதை விற்றது. 2001இல் ஆல்ட்டிவேர்ப் என்ற மென்பொருள் வந்தது. இன்று இங்குள்ள மாணவர்களின் மடிக்கணினி எதுவும் இதைச் சிரமமின்றிச் செய்யும். வரலாறு இவ்வளவு போதும்.

கொன்வொலூஷனுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உறைந்த ஒன்று. ஒரு நாள், ஓரிடத்தில், ஒரு மைக்குக்குக் கிடைத்த பதில் அது. பாடகர் மெதுவாகப் பாடினாலும் வேகமாகப் பாடினாலும் அதே அளவு நேரம் நின்று முழங்கும். மாற்றத்துக்கு இடம் வேண்டுமென்றால் ஐ.ஆரையே திருத்த வேண்டும். அதற்கான கருவிதான் என்வலப். ஐ.ஆரின் மேல் ஒரு வளைகோடு வரைகிறோம். எந்த நேரத்தில் எவ்வளவு ஒலியை விடுவது என்று அது சொல்கிறது. ஐ.ஆரின் ஒவ்வொரு புள்ளியும் அந்த நேரத்துக்குரிய எண்ணால் பெருக்கப்படுகிறது. செய்வது இவ்வளவுதான். ஆனால் எங்கே புள்ளி வைப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அதற்கு மண்டபம் எப்படி முழங்குகிறது என்ற அறிவு வேண்டும்.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து செக்கனுக்கு மேல் நின்று முழங்கியது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இராத்திரியில் தூக்கி வந்து பரப்பினார். ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, காதுக்குக் கேட்கும் வரை கடிகாரத்தைப் பிடித்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைவதை அளந்து ஒரு சூத்திரம் கண்டார். அவர் உறிஞ்சலுக்கு எடுத்துக்கொண்ட அலகு எனக்கு மிகவும் பிடித்தது: திறந்த ஜன்னல். திறந்த ஜன்னலால் வெளியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே எந்தப் பொருளையும் இத்தனை சதுர மீற்றர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று சொல்லிவிடலாம். காற்றுக்காக நான்கு பக்கமும் கதவு திறந்து கிடக்கும் நமது பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான அலகு வேறில்லை.

ஒரு பள்ளியை மனதில் கட்டிப் பார்ப்போம். நீளம் 20 மீற்றர், அகலம் 15, உயரம் 6. கனவளவு 1,800 கன மீற்றர். கனவளவை 0.161ஆல் பெருக்கி மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்க நேரம் கிடைக்கும். அதாவது ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம். பூச்சுச் சுவர், கொங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 30 சதுர மீற்றர் ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கதவும் ஜன்னலும் 40. மொத்தம் 70. விடை நான்கு செக்கனுக்குச் சற்று மேல். தரை முழுவதும் கம்பளம் விரியுங்கள். பேச்சின் நடு மீடிறன்களில் கம்பளம் மட்டுமே 90 சதுர மீற்றர் ஜன்னலாக வேலை செய்யும். முழக்கம் இரண்டு செக்கனுக்குக் கீழே வந்துவிடும். ஆனால் அடி மீடிறன்களைக் கம்பளம் ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. அங்கே இன்னும் 3.8 செக்கன். கம்பளம் போட்ட பிறகும் கதீபின் குரலுக்குக் கீழே ஒரு உறுமல் நிற்கிறதே, அது இதுதான். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், ஃபில்டர் என்வலப்புக்கு வரும்போது வேண்டும்.

இப்போது கம்பளம் விரிக்காத அந்தப் பள்ளியின் நான்கு செக்கன் ஐ.ஆரைக் கணினியில் திறக்கிறோம். அலைவடிவத்தைச் சாதாரணமாகப் பார்த்தால் முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு மெலிந்த வால். அதையே டெசிபல் அளவில் பாருங்கள். ஓடசிட்டியில் அந்தக் காட்சியைத் தெரிவுசெய்யலாம். வால் நேர்கோடாகச் சாய்வது தெரியும். நான்கு செக்கனில் 60 டெசிபல், அதாவது செக்கனுக்கு 15. இயற்கையான மண்டபம் இப்படி நேராகத்தான் இறங்கும். இதன் மேல் செக்கனுக்கு இன்னொரு 15 டெசிபல் இறங்கும் என்வலப்பைப் போட்டால் இரண்டும் கூடி 30 ஆகும். முழக்கம் சரியாக இரண்டு செக்கனாகிவிடும்; கேட்பவருக்கு வெட்டிய தடயமே தெரியாது. பலர் செய்வது வேறு. ஒரு செக்கனில் கொண்டுபோய்ச் சுழியத்தைத் தொட வைத்து அலைவடிவத்தில் ஒரு நேர்கோடு இழுக்கிறார்கள். திரையில் அழகாக இருக்கும். காதில், முழக்கம் போய்க்கொண்டே இருந்து முடிவில் சட்டென்று விழும். பாடலின் அடிகளுக்கு இடையில் நிற்கும் அந்த நிசப்தங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். ஆகவே வளைகோட்டை டெசிபலில் யோசியுங்கள்.

சொல் ஏன் கரைகிறது? முதல் 50 மில்லிசெக்கனுக்குள் வந்து சேரும் தெறிப்புகளைக் காது மூலக் குரலோடு சேர்த்தே கேட்கும். அவை குரலுக்குப் பலம் சேர்க்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வில் காட்டிய உண்மையின் வழி வந்தது இந்த அளவு. அதற்குப் பிந்தி வருவது அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. நான்கு செக்கன் முழக்கத்தில் மொத்தச் சக்தியின் 16 வீதம் மட்டுமே அந்த முதல் 50 மில்லிசெக்கனுக்குள் அடங்கும். இரண்டு செக்கனில் 29 வீதம். ஒரு செக்கனுக்கு வந்தால் பாதி.

தமிழுக்கு இது கூடுதலாகச் சுடும். "பாடு" என்பதற்கும் "பாட்டு" என்பதற்கும் இடையில் இருப்பது என்ன? ட்ட என்ற இடத்தில் நாக்கு அடைத்து நிற்கும் ஒரு மௌனம், ஏறத்தாழ செக்கனின் பத்தில் ஒரு பங்கு. அந்த மௌனம்தான் அந்த எழுத்து. செக்கனுக்கு 15 டெசிபல் இறங்கும் மண்டபத்தில் அந்த இடைவெளிக்குள் முழக்கம் ஒன்றரை டெசிபல்தான் தணியும். மௌனம் நிரம்பிவிடும், பாட்டு, பாடு போலக் கேட்கும். வல்லினம் இரட்டிக்கும் மொழிகளுக்கெல்லாம் இந்தச் சங்கடம் உண்டு, நமக்கு ஒவ்வொரு வரியிலும் உண்டு.

அரபு ஓதலில் இது இன்னும் பாரதூரமானது. ஷத்துடைய எழுத்தில் நிற்கும் அழுத்தம், கல்கலாவின் சிறு துள்ளல், மத்துக்கு இரண்டு ஹரகத்தா நான்கா ஆறா என்ற அளவு, இவையெல்லாம் காலத்தால் அளக்கப்படுபவை. நீண்ட முழக்கம் இரண்டை நீட்டிக் காட்டும். நீண்டதோ எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஓதலுக்கு இப்படி ஒலி சேர்க்கலாமா என்பது உலமாக்கள் சொல்ல வேண்டிய விடயம். தொழில்காரனாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காரியின் தஜ்வீதை மறைக்கிற எந்த அழகும் அழகல்ல. கிராஅத்துக்கு முழக்கம் வேண்டியே தீருமென்றால் ஒரு செக்கனுக்குக் கீழே வையுங்கள்.

கீதத்துக்கு அப்படி இல்லை. அங்கே மண்டபமும் வேண்டும், சொல்லும் வேண்டும். இங்கேதான் என்வலப் தன் பெறுமதியைக் காட்டுகிறது. முதல் 80 மில்லிசெக்கனை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே ஒரு புள்ளி. 200 மில்லிசெக்கனில் இன்னொரு புள்ளி வைத்து எட்டு டெசிபல் கீழே இறக்குங்கள். அதற்குப் பிறகு வளைகோட்டை மட்டமாக ஓட விடுங்கள். மண்டபம் தன் இயற்கைச் சாய்விலேயே இறங்கட்டும். என்ன நடக்கிறது? முன்தெறிப்புகள் குறையாததால் பாடகர் ஓர் இடத்துக்குள் நிற்பது உடனே தெரிகிறது. வால் எட்டு டெசிபல் தாழ்ந்து போனதால் பாடிக்கொண்டிருக்கும் குரலுக்குக் கீழே அது அடங்கிக் கிடக்கிறது, சொல் தெளிகிறது. அடி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும்போது வால் வெளியே வருகிறது, நீளம் குறையாமல். அளவுக் குமிழை எட்டு டெசிபல் குறைத்திருந்தால் முன்தெறிப்பும் சேர்ந்து போயிருக்கும். பாடகர் பழைய பஞ்சு அறைக்கே திரும்பியிருப்பார். இப்படி இறங்கும் மண்டபத்தைக் கொத்தனார் கட்டுவது மிக அரிது. நாம் இரண்டு புள்ளிகளால் கட்டிவிடுகிறோம்.

80, 200, 8 என்ற எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வேகமான பாடலுக்கு இரண்டாவது புள்ளியை முன்னால் இழுங்கள். நீட்டி இழுத்துப் பாடுகிறவருக்கு இறக்கம் ஐந்து டெசிபல் போதும். நாகூர் ஈ.எம். ஹனிபா போல ஒவ்வொரு சொல்லையும் இரும்பில் அடித்த மாதிரி உச்சரிக்கும் கம்பீரக் குரல் கிடைத்தால் அதற்கு முழக்கமே சொற்பம்தான் வேண்டும்.

தொடக்கத்தைத் தொடுவதில் மட்டும் கவனம் வேண்டும். ஐ.ஆரின் முதல் முள் நேரடி ஒலி. மூலக் குரல் தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதை நீக்காவிட்டால் குரல் இரண்டாகி நிறம் கெடும். நீக்கிய பின் 20, 30 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தால் வல்லினங்கள் மேலும் துலங்கும். என்வலப்பின் ஏற்றத்தை மெதுவாக்கினால் முன்தெறிப்புகள் போய், முழக்கம் தூரத்திலிருந்து எழுந்து வருவதாகக் கேட்கும். வானொலி நாடகத்தில் நினைவுக் காட்சிக்கு அது பொருந்தும். கீதத்தில் அதைச் செய்வதை நான் விரும்புவதில்லை.

கம்பளப் பள்ளிக்குத் திரும்புவோம். ஒரே வளைகோட்டை எல்லா மீடிறனுக்கும் போட்டால் அடி உறுமல் அப்படியே தொடரும், ஏனென்றால் அது தொடக்கத்திலேயே இரு மடங்கு நீளம். ஆப்பிளின் லொஜிக்கில் வரும் ஸ்பேஸ் டிசைனரில் வொலியூம் என்வலப்போடு ஃபில்டர் என்வலப் ஒன்றும் உண்டு. நேரம் போகப் போக ஃபில்டர் தன் எல்லையை நகர்த்தும். அந்த வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஓடசிட்டியில் ஐ.ஆரை இரண்டு பிரதியாக்கி, ஒன்றில் 250 ஹேர்ட்சுக்குக் கீழேயும் மற்றதில் மேலேயும் மட்டும் விட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்வலப் வரைந்து மறுபடி ஒன்றாக்கலாம். ஓடசிட்டி இலவசம். வந்த கோப்பை ரீப்பர் மென்பொருளின் ரியாவேர்ப்பில் ஏற்றினால் வேலை முடிந்தது.

குறைப்பது சுலபம், நீட்டுவது ஆபத்து. எந்தப் பதிவுக்கும் அடியில் ஓர் இரைச்சல் மட்டம் உண்டு. பலூன் பதிவில் அது உச்சத்திலிருந்து 45 டெசிபல் கீழே இருக்குமானால், அதற்கும் கீழே போன வால் இரைச்சலுக்குள் புதைந்துவிட்டது. வளைகோட்டைப் பின்பக்கம் மேலே தூக்கினால் எழுந்து வருவது மின்விசிறியும் வீதியில் போகும் ஆட்டோவும்தான். நீளமான முழக்கம் தேவையென்றால் நீளமாக முழங்கும் இடத்துக்குப் போய்ப் பதிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முழக்கம் வேண்டும் என்ற பழக்கத்தையும் கைவிட வேண்டும். பொல்லடி முற்றத்தில் ஆடுவது. வேளாண்மைக் காவலுக்குப் பரணில் இருந்து பாடிய கவி திறந்த வட்டையில் பிறந்தது. அங்கே தெறிக்கச் சுவரே இல்லை. சபைனின் கணக்கில் அது முழுக்கத் திறந்த ஜன்னல். மூத்த ஒருவர் பாடிய கவியைப் பதிந்து வந்து தேவாலய முழக்கத்தைப் பூசி வெளியிடும்போது அந்தக் கவியின் ஊரையே மாற்றிவிடுகிறோம். கவிக்கு முன்தெறிப்பு கொஞ்சம் போதும். முடிந்தால் அதுவும் வேண்டாம்.

இன்னொரு விடயம் என்னை மிகவும் வருத்துகிறது: மற்றவர்கள் தங்கள் மண்டபங்களின் ஒலியைப் பதிந்து வைத்தது போல நாம் வைக்கவில்லை. இஸ்தான்புல் அயா சோபியாவின் முழக்கம் பத்து செக்கனுக்கு மேல். அது அருங்காட்சியகமாக இருந்த காலத்தில், உள்ளே பாடுவதற்கு அனுமதியில்லாதபோது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே பலூன் வெடித்துப் பதிந்து, அந்த ஐ.ஆரை வைத்து கெப்பெல்லா ரோமானா குழுவின் பாடலை அந்த இடத்துக்குள் ஒலிக்க வைத்தார்கள். 2019இல் இசைத்தட்டாக வந்தது. பிரையன் கட்ஸ் என்பவரின் குழு 2013இல் பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தின் ஒலியை அளந்து வைத்திருந்தது. 2019 ஏப்ரல் 15இல் அது எரிந்தபோது, பழைய ஒலி எப்படி இருந்தது என்பதற்கு அளவு கையில் இருந்தது. துருக்கியில் சினான் என்ற சிற்பி கட்டிய பள்ளிவாசல்களின் ஒலியை அளக்கவென்றே 2000ஆம் ஆண்டில் கஹ்ரிஸ்மா என்ற ஐரோப்பியத் திட்டம் தொடங்கியது. 1557இல் முடிந்த சுலைமானியாப் பள்ளிவாசலின் குவிமாடத்துக்குள் அடி மீடிறன்களை அடக்க மண்குடங்களைப் பதித்திருந்தார் அந்தச் சிற்பி. நாம் ஃபில்டர் என்வலப்பால் செய்வதை அவர் குடத்தால் செய்தார்.

நமது கரையில்? 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என்று கடல் வந்து எடுத்துக்கொண்ட கட்டடங்கள் எத்தனை. அவற்றின் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஐ.ஆரையும் கண்டதில்லை. கடல் எடுக்காதவற்றை நாமே இடித்து, பெருகிய ஜமாஅத்துக்கு இடம் வேண்டி, பெரிதாகக் கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும். ஆனால் இடிக்கும் முன் ஒரு பலூன் வெடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நம்பிக்கையாளர் சபையிடம் அனுமதி பெற்று, லுஹருக்கும் அஸருக்கும் இடையில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் போங்கள். பலூன் மட்டும் போதாது, அதில் அடி மீடிறன் குறைவு. 2000இல் ஆஞ்செலோ ஃபரினா அறிமுகம் செய்த முறைப்படி, ஒலிபெருக்கியில் அடியிலிருந்து உச்சி வரை மெல்ல ஏறும் ஒரு தொனியை ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். அந்தப் பதிவிலிருந்து கணித்தெடுத்தால் இரைச்சலைவிட மிக உயரத்தில் ஐ.ஆர். கிடைக்கும். மிஹ்ராபில் ஒலிபெருக்கி, நடு ஸஃப்பில் மைக். பிறகு கடைசி ஸஃப்பில் மைக். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். கதவு திறந்திருந்ததா, கம்பளம் இருந்ததா, உள்ளே எத்தனை பேர் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள். இந்த மூலக் கோப்பின் மேல் ஒருநாளும் என்வலப் வரைய வேண்டாம். திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள், என்ன திருத்தினீர்கள் என்பதையும் பெயரிலேயே போடுங்கள். எட்டு டெசிபல் இறக்கிய பள்ளி பாட்டுக்கு நல்லது. அது அந்தப் பள்ளியின் சாட்சியம் ஆகாது.

மடிக்கணினியை மேசையில் வைத்திருக்கிறேன். நான்கு செக்கன் முழங்கும் ஐ.ஆர். ஒன்று ரியாவேர்ப்பில் ஏற்றித் தயாராக இருக்கிறது. யாருடைய கைபேசியிலாவது ரிவேர்ப் போடாத குரல் பதிவு இருந்தால் கொண்டு வாருங்கள். முதலில் நான்கு செக்கனிலும், பிறகு அந்த இரண்டு புள்ளிகளை வைத்தும் கேட்போம். அதன் பிறகு கேள்விகளை எடுக்கிறேன்.